நாலாவது பேப்பர்

பேராசிரியர் தோள்பையிலிருந்து விடைத்தாளைப் பாதி உருவினார், பிறகு கூடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளினார். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த அவள் அதைக் கவனித்துவிட்டாள். கூடத்தின் நடுவே அவள் கணவரின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். நேற்றுக் காலை பல் துலக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர், அவ்வளவுதான்.

"அவரோடதா சார்?"

ஆமாம் என்று தலையசைத்தார்.

அவள் கணவர் இருபது வருஷம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர். தபால் வழியில் எம்.எஸ்ஸி. முடித்து, நாற்பத்தாறு வயதில் இயற்பியலில் பிஎச்.டி. சேர்ந்தார். வகுப்பில் எல்லோருக்கும் அவர் சித்தப்பா. தன்னைவிட இளைய பேராசிரியரை அவர் சார் என்பார், பேராசிரியரும் அவரைச் சார் என்பார். முதல் வருஷத்து ஆறு பாடங்களும் தேறியாயிற்று. அடுத்து நாலு பேப்பர் தகுதித்தேர்வு. அதைத் தாண்டினால்தான் ஆராய்ச்சி. ஒவ்வொன்றுக்கும் இரண்டே வாய்ப்பு. மூன்றில் முதல் தடவையே தேறினார். நாலாவதான குவாண்டம் காலை வாரிவிட்டது.

இரண்டாம் தடவைக்கு அவள்தான் குறிப்புகளை நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். குவாண்டம் சமன்பாடுகளில் வரும், குறுக்கே கோடு போட்ட h எல்லாம் அவர் அடித்துவிட்ட எழுத்து என்று நினைத்து, நாற்பது பக்கத்திலும் விட்டுவிட்டாள். "அது இல்லன்னா உலகமே நிக்காதுடி" என்று கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, ஒவ்வொன்றாக நிரப்பினார். அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பேராசிரியர் குரலைத் தாழ்த்திப் பேசினார். இன்றைக்குள் முடிவு அனுப்ப வேண்டுமாம். போன வாரம் அவர் எழுதிய இது ஒன்றைத்தான் திருத்த மனம் வரவில்லையாம். தேர்ச்சி என்று போட்டுவிடுவதாகச் சொன்னார்.

"சும்மா போட்டுடாதீங்க சார். எழுதினதைப் படிச்சுப் போடுங்க."

"ஒருவேளை தேறலைன்னா?"

"தேறலைன்னே போடுங்க. ராப்பகலா படிச்சாரு. யாராவது முழுசா படிச்சுப் பாக்கணும்ல."

பேராசிரியர் ஓரமாக உட்கார்ந்து சிவப்புப் பேனாவைத் திறந்தார். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். ஒன்றும் புரியவில்லை, ஆனால் கையெழுத்து கணவருடையது. மூன்றாம் பக்கத்தில் நாலு வரியை அடித்துவிட்டு, கீழே வேறு வழியில் போயிருந்தார். பேராசிரியர் அங்கே நின்று, திரும்பப் படித்து, சரி என்று குறித்தார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. அவளுடைய அண்ணன் உள்ளே வந்து, தூக்கலாமா என்று கேட்டார். பேராசிரியர் பேனாவை மூடப் போனார்.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இருண்ணா. இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு."