முன்கதவால் வந்த மாமி

கராஜ் கதவின் மோட்டார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை செத்தது. முனகியது, கதவை இரண்டு அங்குலம் தூக்கியது, பிறகு பேசாமல் இருந்துவிட்டது. பிரியந்தன் காருக்குள் இருந்தபடி இன்னும் நான்கு தரம் ரிமோட்டை அமத்திப் பார்த்தான். இறங்கி, மேலே தொங்கிய சிவப்புக் கயிற்றை இழுத்து, கதவைக் கையால் தூக்கிவிட்டு மார்க்கம் நகருக்கு வேலைக்குப் போனான். எட்டு மாதத்துக்கு முன் அவன் மனைவி மயூரி செத்தபோது நிரப்ப வேண்டியிருந்த படிவங்கள் பதினொன்று. மோட்டாருக்குப் படிவம் இல்லை. அந்த அளவில் இது நல்ல சாவு.

அவன் செய்த முதல் பிழை, மயூரியின் தம்பி துஷாந்துக்கு அதைச் சொன்னது. துஷாந்த் அதை வட்ஸ்அப் குழுவில் போட்டான். குழுவின் பெயர் 'அக்காவின் செத்தவீட்டு அலுவல்'. எத்தனை கதிரை, எத்தனை மாலை, ஐயரை யார் ஏற்றிவருவது என்று பேசத் தொடங்கிய குழு. அலுவல் முடிந்து மாதங்கள் போன பிறகும் நாற்பத்திரண்டு பேரும் அதிலேயே இருந்தார்கள். முதலில் விலகுகிறவருக்குப் பாசம் குறைவு என்று ஆகிவிடும். மேலே குழுப் படத்தில் மயூரி கத்தரிப்பூச் சேலையில் சிரித்துக்கொண்டிருக்க, கீழே மோட்டார் தெரிவு தொடங்கியது.

இராசரத்தினம் அங்கிள் சங்கிலி மோட்டார்தான் என்றார். அவருடைய சங்கிலி இருபத்திரண்டு வருடமாக ஓடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர்தான் இரண்டு தரம் மாறிவிட்டார்கள். அடுத்த தெரு அன்ரி ஒருவர், படுக்கையறைக்குக் கீழே கராஜ் என்றால் சத்தமில்லாத பெல்ற் மோட்டார்தான் வேண்டும், தனியப் படுக்கிற பிள்ளை நித்திரை கொள்ளட்டும் என்று எழுதி, கும்பிடும் கை இரண்டு போட்டார். துஷாந்த், சுவரில் பூட்டுகிற மோட்டார், கமரா, போன் செயலி எல்லாம் வேண்டும் என்றான். அவனுடைய வீட்டில் கராஜே கிடையாது. இடையில் யாரோ ஒருவர் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று போட்டார். அவர் மேலே எதையும் வாசிக்கவில்லை, அல்லது எல்லாவற்றையும் வாசித்திருந்தார்.

பிரியந்தன் ஒருவருக்கும் பதில் போடவில்லை. காரை வெளியே விட்டு, கராஜ் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டான். அவனுக்கு ஒரு அவசரமும் இருக்கவில்லை. உண்மையில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஏனென்றால் அது காருக்கான கதவே இல்லை. அஜக்ஸில் அவர்கள் வீடு வாங்கிய நாளிலிருந்து முன்கதவால் வந்தவர்கள் பார்சல்காரர், வீடு விற்றுத்தரவா என்று கேட்பவர்கள், வேதம் பரப்புகிறவர்கள், ஐயர். சொந்தக்காரர் எல்லோரும் கராஜால்தான். கதவோரத்தில் இருந்த இலக்கப் பலகையில் 1807 என்று அமத்தினால் திறக்கும். சென் ஜேம்ஸ் ரவுணில் மயூரி வளர்ந்த பிளாட்டின் இலக்கம் அது. அதை அறியாத சொந்தக்காரர் இன்னும் பிறக்கவில்லை.

அதிகம் அமத்தியவர் மாமி, மயூரியின் அம்மா பாலேஸ்வரி. துஷாந்தோடு இருக்கிற அவர், புதனும் சனியும் பஸ்ஸில் மீன் பையோடு வருவார். செருப்பைக் கராஜில் கழற்றுவார். மூலையில் மயூரி பூட்டுவித்த காஸ் அடுப்பு ஒன்று இருந்தது. அதில் சூடைமீன் பொரிப்பார், பாரைக் குழம்பு வைப்பார், குளிர்ப்பெட்டியை நிரப்பிவிட்டுப் போவார். மயூரி போன பிறகும் ஒரு கிழமை தவறவில்லை. தன்மேல் இரக்கப்பட்டு வருகிறார் என்று பிரியந்தன் நினைத்தான். இரக்கம் அவனுக்குத் தெவிட்டிப்போயிருந்தது. போனைத் திறந்தால் நாற்பத்திரண்டு பேரின் இரக்கம். குளிர்ப்பெட்டியைத் திறந்தால் உறைந்த இரக்கம், மஞ்சள் தூளுடன்.

புதன் காலை மாமி போன் எடுத்தார். கதவு பழுது என்று துஷாந்த் சொன்னானாம், இன்றைக்கு எப்படி வருவது என்று கேட்டார். அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். அது இரண்டாவது பிழை.

"முன்கதவால வாங்கோ மாமி. பெல்லை அடியுங்கோ, திறப்பன்."



"ஓம் தம்பி," என்றார்.

அன்றைக்கு மீன் வரவில்லை. சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு பெல் அடித்தது. திறந்தால் மாமி பட்டுச் சேலை கட்டி, சப்பாத்துப் போட்டு, கையில் திராட்சைப் பழமும் ஒரு பெட்டி சொக்லேற்றுமாக நின்றார். பெட்டியின் மூலையில் இருந்த நசுங்கலைப் பிரியந்தன் அடையாளம் கண்டுகொண்டான். போன வருடம் அவனும் மயூரியும் யாருக்கோ கொடுத்த பெட்டி. ஊரெல்லாம் சுற்றி, திறபடாமலே வீடு வந்து சேர்ந்திருந்தது.

மாமி சோபாவின் நுனியில் இருந்தார். ஆறு வருடத்தில் அவர் அந்தச் சோபாவில் இருந்து அவன் கண்டதில்லை. வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். மார்க்கத்துக்கு எவ்வளவு நேர ஓட்டம் என்று, ஆறு வருடமாகத் தெரிந்த ஒன்றையும் கேட்டார். அவன் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தான். நல்ல தேத்தண்ணி என்றார். அவன் போடும் தேத்தண்ணியைப் பற்றி முன்பு அவர் சொன்னவை வேறு. பதினெட்டாவது நிமிடம் எழும்பினார்.

"போட்டு வாறன் தம்பி. நேரம் கிடைச்சா வீட்டுப் பக்கம் வாங்கோ."

வெளியாருக்குச் சொல்லுகிற வார்த்தை அது. மாமி பஸ் தரிப்பை நோக்கி நடப்பதைப் பிரியந்தன் வாசலில் நின்று பார்த்தான். மகள் இல்லை. பேரப்பிள்ளையும் இல்லை. இனி இந்த மனுசி தனக்கு என்ன முறை என்று யோசித்தான்; ஒன்றும் அகப்படவில்லை. முன்கதவால் இன்னும் நாலைந்து தரம் வருவார், பிறகு திவசத்துக்கு மட்டும் வருவார், பிறகு வாழ்த்து அனுப்புவார். உள்ளே போனான். வீட்டில் எந்த மணமும் இல்லை. குளிர்ப்பெட்டியில் குழம்பு ஒரேயொரு கோப்பை மிச்சம் இருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தான்.

திங்கட்கிழமை யோசப் அண்ணையைக் கூப்பிட்டான். அஜக்ஸிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழருக்குக் கராஜ் கதவு பூட்டுகிறவர். ஏணியில் ஏறி மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு வெள்ளைப் பற்சக்கரத்தை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கத்துப் பற்கள் மழுங்கி, கிழவனின் பல்முரசு மாதிரி இருந்தது.

"தம்பி, இது தானாச் சாகேல்லை. ஆரோ கொன்றிருக்கினம்."

கதவு கொஞ்சம் எழும்ப யாரோ மறித்திருக்கிறார்கள், திரும்ப இறக்கி, திரும்ப மறித்திருக்கிறார்கள், வருடக்கணக்காக, என்று விளக்கினார். பிரியந்தன் மூலையில் இருந்த அடுப்பைப் பார்த்தான். மாமி சுவர்ப் பொத்தானை அமத்துவார். கதவு முழங்கால் உயரம் வரும்போது மறுபடி அமத்துவார். வீட்டுக்குள் ஏறாமல் புகை வெளியே போகும், அடுப்பும் தெருவுக்குத் தெரியாது. சில நாள் கதவு இடுப்பளவில் நின்றுவிடும். அப்போது முதலில் இருந்து தொடங்குவார்.

துஷாந்துக்குப் போன் எடுத்தான். அம்மா மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று துஷாந்த் சொன்னான். மோட்டாரை உடைத்தது தான்தான் என்று அவருக்குத் தெரியுமாம். அதற்குத்தான் மருமகன் முன்கதவுக்கு மாற்றிவிட்டார், இனி அந்த வீட்டில் உரிமை இல்லை என்று முடிவெடுத்துவிட்டாராம். அதைவிட, அவர்கள் வீட்டில் துஷாந்தின் மனைவி நதீஷா மீன் பொரிக்க விடுவதில்லையாம்.

"உங்கட கராஜ்தான் அத்தான் அம்மான்ர கிச்சின். வேற எங்க போறது?"

"அவ என்னைப் பாக்க வாறா எண்டெல்லோ நான் நினைச்சன்."

"உங்களையும் பிடிக்கும். பட், மீன் ஃபெர்ஸ்ற்."

பிரியந்தன் போனை வைத்தான். இந்த எட்டு மாதத்தில் அவன் வீட்டுக்குத் தன் சொந்தத் தேவைக்காக வந்த ஒரே மனிதர் மாமிதான். அது அவனுக்குப் பிடித்திருந்தது. எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அவன் யோசித்தே கனகாலம்.

"அண்ணை, ஒரு அடி மட்டும் திறந்து, தானா நிக்கிற மோட்டார் இருக்கோ?"

"இருக்கே. பெல்ற் மோட்டார் ஒண்டில இருக்கு. நாய், பூனை போய்வரவெண்டு குடுத்திருக்கினம். நாய் வளக்கிறியளோ?"

"இல்லை. மாமி."

யோசப் அண்ணை சிரிக்கலாமா என்று அவன் முகத்தைப் பார்த்தார். முகம் ஒரு உதவியும் செய்யவில்லை. இருமிவிட்டு வேலையைத் தொடங்கினார். இரண்டு ரிமோட் வரும், ஒன்று உங்களுக்கு, மற்றது மிசிசுக்கு என்றார். மிசிஸ் இப்போது கார் ஓடுவதில்லை என்று பிரியந்தன் சொன்னான். பழைய இலக்கத்தை மாற்றுவது நல்லது, அரைவாசி அஜக்ஸுக்குத் தெரிந்திருக்கும் என்றார். 1807ஐயே போடச் சொன்னான். கதவு தானாக மூடுகிற வசதியை மட்டும் நிறுத்திவிடச் சொன்னான். அடுப்பு எரியும்போது அது மூடக்கூடாது.

எல்லாம் பூட்டி முடிந்ததும் குழுவில் 'பெல்ற்' என்று ஒரு சொல் எழுதினான். நாற்பது கட்டைவிரல்களும் ஒரு ஆழ்ந்த அனுதாபமும் வந்தன. புதுப் பொத்தான் பலகையில், நாய்ப் படம் போட்ட பொத்தானுக்கு மேல் ஒட்டுநாடா ஒட்டி, கறுப்புப் பேனையால் 'மீன்' என்று எழுதினான். பிறகு மாமிக்குப் போன் எடுத்தான்.

"மாமி, மோட்டார் பூட்டியாச்சு. புதன்கிழமை வாங்கோ."

"எந்தக் கதவால தம்பி?"

"கராஜால. ஒருக்கா அமத்தினாக் காணும். ஒரு அடியில தானா நிக்கும்."

மறுமுனையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. 

"அண்டைக்கு நீங்கள் தந்தது சுடுதண்ணி. சீனியும் இல்லை," என்றார். "சூடை வாங்கவோ, பாரை வாங்கவோ?"

"ரெண்டும்."

புதன் மத்தியானம் அலுவலகக் கூட்டத்தின் நடுவில் அவன் போன் அதிர்ந்தது. செல்லப்பிராணிக்காகக் கதவு ஒரு அடி திறக்கப்பட்டுள்ளது என்று செயலி அறிவித்தது. போனைக் கவிழ்த்து வைத்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த முகாமையாளர் எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டார். தான் சிரித்தது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வியாழன் காலை அலுவலக லிஃப்ற்றில், பக்கத்தில் நின்ற ஒருவன் அவனுடைய ஜக்கெற்றை மோந்து மூக்கைச் சுளித்தான். சூடை மணம் மூன்று நாளுக்குப் போகாது. பிரியந்தன் அவனுக்கு இன்னும் ஒரு அடி கிட்டப் போய் நின்றான்.