தெரியாது என்று சொன்னவள்

வாஷிங்டனில் அந்த வாரம் முழுக்கப் பனி. மெரிடித் ஹால்வர்சனுக்கு அந்த வாரம் முழுக்கச் சளிக்காய்ச்சல். இருமல் மருந்து உள்ளே போனதும் தரை லேசாகிவிடும். யார் பேசினாலும் பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி கேட்கும். அந்த மிதப்பிலேயே அவள் தினமும் வெள்ளை மாளிகைக்கு வேலைக்குப் போய்வந்தாள்.

அவள் அதிபரின் செய்தித் தொடர்பாளர். அந்த வருஷத்தில் அந்த நாற்காலிக்கு மூன்றாவது ஆள். முதலாமவர் கோபித்துக்கொண்டு போனார், இரண்டாமவரைப் போகச் சொன்னார்கள். மாளிகைக்குள் இப்போது யாரும் கதவில் பெயர்ப் பலகை மாட்டுவதில்லை. காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுகிறார்கள், கிழிக்கச் சுலபம். வெள்ளிக்கிழமை வந்தால் யாராவது ஒருவருக்குப் பிரிவுபசார கேக் இருக்கும். சாப்பிட்டுச் சாப்பிட்டு எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

வெளியே வேலியோரத்தில் ஜனங்கள் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். கோடையில் ஆரம்பித்த கூட்டம், பனியிலும் கலையவில்லை. அதிபருக்கு நாட்டில் அப்படி ஒரு நல்ல பெயர். தொலைக்காட்சிக் கோமாளிகள் அவரை விட்டால் வேறு பிழைப்பே இல்லாதவர்கள் போல ஆகிவிட்டார்கள். மெரிடித் ஜன்னலில் நின்று பார்க்கும்போது பனிக்குள் அந்த வாய்கள் திறந்து மூடுவது மட்டும் தெரியும், சத்தம் வராது. மீன்தொட்டிக்குள் இருப்பது அவர்களா நாமா என்று அவளுக்குச் சந்தேகம் வரும்.

செவ்வாய்க்கிழமை நிருபர்கள் கூட்டத்துக்குப் போகும்போது அவள் கையிலிருந்த கோப்பில் மூன்று தாள்கள் இருந்தன. வேளாண் அமைச்சர் ராஜினாமா செய்துவிட்டார் என்றது ஒன்று. செய்யவில்லை என்றது இன்னொன்று. அவருடைய இடத்தில் துணை அமைச்சர் பொறுப்பேற்பார் என்றது மூன்றாவது. அந்தத் துணை அமைச்சர் காலையிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டதை மெரிடித் தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

முன்வரிசையில் டோலோரஸ் விங்கேட் உட்கார்ந்திருந்தாள். கான்சாஸ் பத்திரிகைக்காரி. எத்தனையோ அதிபர்களைப் பார்த்துச் சலித்தவள். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கேட்டாள்:

"மெரிடித், சுத்தி வளைக்காம கேக்குறேன். எங்க ஊர் விவசாயிங்க தினம் போன் பண்ணி உயிரை வாங்குறாங்க. இந்த நிமிஷத்துல வேளாண் அமைச்சர் யாரு?"

மெரிடித் மூன்று தாள்களையும் பார்த்தாள். எழுத்துகள் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல அசைந்தன. எதிரே கேமரா விளக்குகள் பெரிய பெரிய பூக்களாக விரிந்திருந்தன. அவளுக்குப் பயமே வரவில்லை. படுக்கையில் புரண்டுகொண்டு கணவனிடம் பேசுவதுபோலச் சொன்னாள்:

"தெரியல."

முன்வரிசையில் பேனாக்கள் நிமிர்ந்தன.

"நிஜமாவே தெரியல, டோலோரஸ். காலைல கேட்டேன். யாருக்கும் தெரியல. யாருக்குத் தெரியணுமோ அவரும் போயிட்டாரு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் அடங்கிவிட்டது. டோலோரஸ் கண்ணாடியைக் கழற்றினாள். "நன்றிம்மா," என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் அந்த ஒரு வார்த்தை நாடு முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. வேலியோரத்துக் கூட்டம் "எங்களுக்கும் தெரியல!" என்று அட்டை எழுதிப் பிடித்தது. காபிக் கடையில் அவளிடம் காசு வாங்க மறுத்தார்கள். வடக்கே துலூத் நகரத்திலிருந்து அவள் அப்பா போன் செய்தார்.

"பார்ல உன்னைக் காட்டினப்போ எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்கடி. எனக்கு ஓசியில பீர் வேற."

"அப்போ அடுத்த தடவை அதிபருக்கு ஓட்டுப் போடுவாங்களாப்பா?"

"சேச்சே! உனக்குக் கை தட்டினாங்க. அந்த ஆளுக்கு எதுக்குப் போடணும்?"

அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. எப்படியும் வேலை போய்விடும் என்று இரவே மேஜை இழுப்பறையைக் காலி செய்திருந்தாள். இருந்தது ஒரு சீப்பு, இரண்டு கையுறை, கணவன் கால்வினும் அவளும் ஏரிக்கரையில் எடுத்துக்கொண்ட படம். புதன்கிழமை மதியம் அதிபர் கூப்பிடுகிறார் என்று ஸ்டிம்சன் வந்து நின்றபோது அவள் மேல்கோட்டோடுதான் எழுந்தாள். அதிபரின் அலுவலகத் தலைவராக வந்து ஸ்டிம்சனுக்கே ஒரு வாரம்தான் ஆகிறது. கழிப்பறை எந்தப் பக்கம் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறவர்.

"கோட்டைக் கழட்டுங்க," என்றார் அவர். "நல்ல விஷயம்."

அதிபர் தக்காளி சூப் குடித்துக்கொண்டிருந்தார். உயரமான மனிதர். உட்கார்ந்தால் மடித்து வைத்த ஏணி மாதிரி இருப்பார். தொலைக்காட்சியில் கேட்பதைவிட நேரில் குரல் மெதுவாக இருக்கும். ஜன்னலுக்கு வெளியே பனி நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"உக்காரும்மா. சளி எப்படி இருக்கு?"

"அப்படியே இருக்கு சார்."

"கருத்துக்கணிப்புல என் மதிப்பு ஏறியிருக்கு, தெரியுமா? கோடைக்கப்புறம் இதுதான் முதல் தடவை." குழந்தை பரிசு வாங்கின மாதிரி சிரித்தார். "உன்னாலதான். ஜனங்க உன்னை நம்புறாங்க. என்னை நம்பி ரொம்ப நாளாச்சு."

ஸ்டிம்சன் தொண்டையைக் கனைத்தார். "நாங்க ஆளுங்களை வச்சுக் கேட்டுப் பார்த்தோம். நீங்க சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்தினீங்க பாருங்க, அந்த நிறுத்தம்தான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. நாளைக்கும் அதே மாதிரி நிறுத்துங்க."

"நாளைக்கு எதுக்கு?"

"வடக்குல கிராமத்து ஆஸ்பத்திரிங்களை மூடுறோம்ல, அதைப் பத்திக் கேப்பாங்க. கேட்டா தெரியலன்னு சொல்லிடுங்க."

மெரிடித் அதிபரைப் பார்த்தாள். அவர் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அது எனக்குத் தெரியுமே சார். எந்தெந்த ஊருன்னுகூடத் தெரியும். நீங்க கையெழுத்துப் போட்டப்போ நான் பக்கத்துல நின்னேன்."

"தெரியும்தான்," என்றார் அதிபர். "ஆனா நீ தெரியாதுன்னு சொன்னா கேக்க நல்லா இருக்கும்மா. உன் முகத்துக்கு அது பொருந்துது."

அந்த அறையில் எல்லாமே மிருதுவாக இருந்தது. கம்பளம், சூப்பின் ஆவி, அந்தக் குரல். சரி என்று தலையாட்டினால் போதும், இந்த மிதப்பிலேயே இன்னும் ரொம்ப நாள் போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் பனிக்காலத்தில் மூடிய ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கும் யாரோ ஒரு பெண்ணின் முதுகு அவள் கண்ணில் வந்து நின்றது. யாரென்று தெரியாத முதுகு. அது திரும்பவே இல்லை.

"நேத்து எனக்கு நிஜமாவே தெரியல சார். அதான் வாயில வந்துச்சு. தெரிஞ்சதைத் தெரியாதுன்னு சொல்ல எனக்கு வராது."

ஸ்டிம்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிபர் கையசைத்து நிறுத்தினார்.

"நீயும் போறியா?"

"போறேன் சார்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "மத்தவங்கெல்லாம் கத்திட்டுப் போனாங்க. ஒருத்தன் கதவைக்கூட உடைச்சான். நீ மூக்கை உறிஞ்சிக்கிட்டுப் போற." தட்டில் இருந்த பாலாடைக்கட்டி ரொட்டியில் பாதியைப் பிட்டு, கை துடைக்கும் காகிதத்தில் சுற்றி அவளிடம் நீட்டினார். "வழியில சாப்பிடு. வெறும் வயித்துல மருந்து குடிக்காதே."

அவள் வாங்கிக்கொண்டாள். அவரை வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

நிருபர்கள் அறை பாதி காலியாக இருந்தது. டோலோரஸ் ஹீட்டரை ஒட்டி நாற்காலி போட்டுக் கண்ணயர்ந்திருந்தாள். இரண்டு மூன்று பேர் டப்பாவிலிருந்து நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். கேமராக்களுக்குத் துணி போர்த்தியிருந்தது. மெரிடித் மேடைக்கே போகவில்லை. டோலோரஸின் தோளைத் தொட்டாள்.

"ஆஸ்பத்திரியைப் பத்தி நாளைக்குக் கேக்கப் போறீங்களாமே?"

டோலோரஸ் கண்ணைத் திறந்தாள். "கேக்கத்தான் போறேன். ஏன், அதுவும் தெரியாதா?"

"தெரியும்." ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல நூடுல்ஸ் டப்பாக்கள் கீழே இறங்கின, பேனாக்கள் வெளியே வந்தன. உத்தரவு வெள்ளி மாலை, யாரும் கவனிக்காத நேரத்தில் வெளியாகும் என்பதையும் சொன்னாள்.

"யார் சொன்னதாப் போடுறது, பொண்ணே?" டோலோரஸின் குரல் தணிந்திருந்தது.

"என் பேரையே போடுங்க. கதவுல ஒட்டின காகிதத்தை இன்னும் கிழிக்கல. அதுவரைக்கும் நான்தான் இங்க பேசுறவ."

"அவங்க உன்னைச் சும்மா விடமாட்டாங்க."

"விடமாட்டாங்கதான்," என்றாள் மெரிடித். தும்மல் வந்தது. தும்மினாள்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அது வந்தது. மூடுவதாக இருந்த ஆஸ்பத்திரிகளில் பாதி பிழைத்தன. மீதி வசந்தத்துக்குள் மூடப்பட்டன. நன்றி கெட்டவள் என்று அவளைத் தொலைக்காட்சியில் திட்டியவர்களும் உண்டு. ஸ்டிம்சன் இரண்டு மாதம்தான் தாக்குப்பிடித்தார்.

ஆனால் அந்த மாலை இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. சுரங்க ரயிலில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றாள். ஆறியிருந்தது, இருந்தாலும் பாலாடைக்கட்டி ருசியாகத்தான் இருந்தது. எதிரே இருந்தவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு ஏதோ கேட்க வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். கண்ணை மூடினாள். ரயில் சுரங்கத்திலிருந்து மேலே ஏறியது, ஜன்னலெல்லாம் வெளுத்தது, அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து போனது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கடைசி நிறுத்தத்தில் எழுப்பிவிட்டார்கள். வெளியே நடைமேடையில் ஆளில்லை. பக்கத்துத் தண்டவாளங்களில் காலி ரயில்கள் பனி போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றன. இவ்வளவு அமைதியை அவள் எப்போது கடைசியாகக் கேட்டாள்! கால்வினுக்குப் போன் செய்தாள்.

"ரயில்ல தூங்கிட்டேன்டா. ஷேடி குரோவ்ல நிக்குறேன்."

"அவ்வளவு தூரமா! உள்ளயே இரு, வரேன். டிவியில என்னென்னவோ சொல்றாங்க, நீ வேலையை விட்டுட்டியாமே?"

"ஆமா."

மறுமுனையில் சாவிக்கொத்து குலுங்கியது. "நல்லதாப் போச்சு. கோழி சூப் வச்சிருக்கேன். எடுத்துட்டு வரவா, இல்ல வீட்டுக்கு வந்து குடிக்கிறியா?"

"எடுத்துட்டு வா," என்றாள்.

உள்ளே போகவில்லை. பெஞ்சில் இருந்த பனியைக் கையுறையால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். தூரத்தில் ஒரு காலி ரயிலின் விளக்குகள் எரிந்தன. அது யாரையும் ஏற்றிக்கொள்ளாமல், அவசரமே இல்லாமல், நகரத்தை நோக்கி நகர ஆரம்பித்தது.