மெட்டே சொல்லிக்கொண்டிருந்தது

மனைவி மெட்டேயைக் காரின் முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டியபோது சுந்தரபாண்டியனுக்கு இடுப்பில் சுளீரென்றது. சக்கர நாற்காலியை மடக்கி டிக்கியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று வாரமாக இதே வேலைதான். சாயங்காலமானால் அவள் ஒரே வாக்கியத்தைச் சொல்வாள். அவர் அவளைக் கிளப்பிக்கொண்டு போவார்.

மம்சாபுரத்திலிருந்து கப்பல் ஃபிட்டராகப் போனவர், ஜெர்மனியின் வடகோடியில் ஃப்ளென்ஸ்பர்க் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தார். மெட்டே அந்த ஊர்க்காரி. ஊருக்குச் சற்று வடக்கே டென்மார்க் எல்லை. அவள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக டேனிஷ்தான் பேச்சு. ஆனால் அவளும் அவரும் ஜெர்மனில்தான் காதலித்தார்கள், ஜெர்மனில்தான் சண்டை போட்டார்கள். வேலை முடிந்து ராஜபாளையத்தில் வீடு கட்டி வந்த பிறகும் அதுதான். டேனிஷ் அவள் தன் அக்காவோடு போனில் பேசிய மொழி. அது அடுத்த அறையில் கேட்கும். அதைக் கற்றுக்கொள்ள அவருக்குத் தோன்றியதேயில்லை.

பக்கவாதம் வந்து அவள் கண் விழித்தபோது ஜெர்மன் போயிருந்தது. காய்கறி வாங்கும் அளவுக்குச் சேர்த்திருந்த தமிழும் போயிருந்தது. சிலருக்குச் சின்ன வயதுப் பேச்சு மட்டும் மிஞ்சும் என்றார் டாக்டர். மிஞ்சிய டேனிஷும் கோணிய வாயில் குழறியது. மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து செல்போனை அவள் வாயருகே பிடித்துப் பார்த்தார். வாக்கியத்தின் கடைசிப் பகுதிதான் அதற்குப் பிடிபட்டது: ‘முழுக்கத் தயார்.’

வெளியே போக ஆசைப்படுகிறாள் என்று நினைத்து, அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போய்ப் பால்கோவா வாங்கி ஊட்டினார். மறுநாளும் அதையே சொன்னாள். பிளவக்கல் வரைக்கும் போய் அணையைக் காட்டினார். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்து, இன்னும் சத்தமாக, கிட்டத்தட்ட அதட்டலாக அதையே சொன்னாள். இந்த இடமும் பிடிக்கவில்லை போல என்று அடுத்த நாள் இன்னும் தூரம் ஓட்டினார்.

இன்று செல்லக்கனி கார்க் கதவைச் சாத்த விடவில்லை. மெட்டேயைக் குளிப்பாட்ட மம்சாபுரத்திலிருந்து தினமும் வருகிறவள் அவள்.

“அண்ணாச்சி, அவிய வெளிய போகக் கேக்கிற மாரி எனக்குத் தெரியல. கார்ல ஏத்துனாத்தான் மொகமே வாடுது. அவிய சொந்தக்காரவுக யாருட்டயாச்சும் கேட்டுப் பாருங்களேன்.”

கேட்க ஓர் ஆள் இருந்தது. அக்காவின் மகள் பிர்த்தே. அக்கா செத்தபோது மெட்டே போகவேண்டும் என்று அழுதாள். முழங்கால் வலி, தூரம், குளிர் என்று அவர் தட்டிக்கழித்துவிட்டார். அதிலிருந்து அந்த வீட்டோடு பேச்சில்லை. காருக்குள் உட்கார்ந்து அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுத்தினார்.

திரையில் தெரிந்த பிர்த்தே ஒன்றும் குத்திக்காட்டவில்லை. மெட்டே சொன்னதைக் கேட்டாள். மறுபடி சொல்லவைத்தாள். சிரித்தாள், உடனே மூக்கை உறிஞ்சினாள்.

“டென்மார்க்கில் அதற்கு ‘முழுக்கத் தயார்’ என்றுதான் அர்த்தம்” என்றாள் ஜெர்மனில். “நாங்கள் பேசுவது ஜெர்மன் ஏறிய டேனிஷ். ஜெர்மன்காரர்களின் ‘ஃபிக்ஸ் உண்ட் ஃபெர்டிக்’தான் அது. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். ஷிஃப்ட் முடிந்து எண்ணெய்க் கையோடு வெளியே வருகிற ஒவ்வொருவனும் சொல்வது. அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ‘ஓய்ந்துபோனேன், இனி முடியாது’ என்று அர்த்தம்.

“உட்காரேன், நீ ஓய்ந்துபோய்விட்டாய். அவ்வளவுதான் சொல்கிறாள்.”

“என்னிடமா?”

பிர்த்தே தயங்கினாள். “தெரியவில்லை. தாத்தா மீன்படகிலிருந்து நனைந்து வந்ததும் பாட்டி, அதாவது சித்தியின் அம்மா, ஈரக் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டே இப்படித்தான் சொல்வாளாம்.”

போனை வைத்ததும் செல்லக்கனியிடம் விஷயத்தைச் சொன்னார்.

“நம்ம ஊருத் தெலுங்கு மாரின்னு சொல்லுங்க. ஆந்திராக்காரவுக கேட்டா சிரிப்பாவல்ல” என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, “உக்காருன்னு சொல்லியிருக்காவ. நீங்க எந்திரிச்சு எந்திரிச்சு ஓடியிருக்கிய” என்றாள்.

மெட்டேயை உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் சாய்த்தார். மாத்திரை எடுக்கவேண்டும், துணி எடுக்கவேண்டும். அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். மாத்திரைக்கும் துணிக்கும் எழுந்திருக்கவில்லை.

அவள் இடதுகையை நீட்டி அவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினாள். பிறகு அடுத்தது. வெகுநேரம் பிடித்தது. எல்லாம் கழன்றதும் காலரைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்து சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். வேறேதோ சொன்னாள், அது அவருக்குப் புரியவில்லை. சட்டையை மடியில் விரித்து, ஈரக் கோட்டை உதறுவதுபோல் இரண்டு முறை உதறிவிட்டு, ஒற்றைக் கையால் மடிக்கத் தொடங்கினாள்.