சூசைமணி பதிவு செய்த துயரம்

உலகத்துப் பாட்டுப் போட்டிகள் எல்லாம் ஒரே கட்டடத்தில்தான் நடக்கின்றன. மாடிக்கு ஒரு நாடு. நான்காம் மாடி தமிழ்நாடு. அங்கே பாடுவதற்கு முன்னால் துயரத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

தூத்துக்குடி சூசைமணிக்குத் துயரம் என்று ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மூன்று வேளையும் மீன் குழம்பு. மனைவி ஜெசிந்தா கோயில் பாடற்குழுவில் அவரைவிட நன்றாகப் பாடுவாள். அவர் சுருதி விலகினால் எல்லார் முன்னாலும் ஏசுவாள். இதை வைத்துக்கொண்டு மனுஷன் எந்த நடுவரை அழவைப்பது?

படிவத்தைப் பார்த்த அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"அப்பா?"

"இருக்காரு."

"நோய்?"

"மழைக்குச் சளி பிடிக்கும்."

"பத்தாது சார்."

சூசைமணி சற்று யோசித்தார். 'மனைவிக்குப் பேச்சு வராது' என்று எழுதினார். பக்கத்து நாற்காலியில் இருந்த ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"என்னத்த எழுதுதிய?"

அதிகாரி முத்திரை குத்தினார். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

சூசைமணி பாடினார். சரணத்தில் சுருதி நன்றாகவே விலகியது. யாரும் கவனிக்கவில்லை. கேமரா ஜெசிந்தாவின் முகத்தில் இருந்தது. மூன்று நடுவர்களும் அழுதார்கள். ஒருவரை நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். கைதட்டத் தட்ட நடைபாதை நீண்டுகொண்டே போனது. அவர் மனைவியிடம் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது.

"எப்பிடிப் பாடுனேன்?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறந்து மூடினாள். அவருக்குப் பகீரென்றது.

அதிகாரியிடம் ஓடினார்.

"நான் எழுதுனது பொய் சார். அந்த வரிய அடிச்சிருங்க."

"பொய்னு அவங்களே வந்து வாயால சொல்லணும்."

"அவளுக்குத்தான் பேச்சே வரலையே!"

"அப்ப சரியாத்தானே எழுதியிருக்கீங்க."

மற்ற மாடிகளில் முறையிட்டுப் பார்த்தார். ஜப்பான் மாடியில் இரண்டு வரி பாடச் சொல்லிக் கேட்டு, ஒரு மணியை அடித்து வாசலைக் காட்டினார்கள். ஸ்வீடன் மாடியில் அவருடைய கமகத்தைக் கேட்டு, குளிரில் நடுங்குகிறார் என்று கம்பளி கொண்டுவந்தார்கள். எங்கேயும் ஒருவரும் அவர் மனைவியைப் பற்றிக் கேட்கவில்லை.

சூசைமணி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஏதாவது ஒரு மாடியில் மரியாதையாகத் தோற்றுவிட்டு, வழியெல்லாம் அவளிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இறுதிச்சுற்றில் எல்லா நாடுகளும் ஒன்றாக உட்கார்ந்தன. பாடுவதற்கு அழைக்கப்பட்டது ஜெசிந்தாவின் பெயர். சூசைமணியைச் சொந்தக்காரர்கள் வரிசையில் உட்காரவைத்தார்கள்.

ஒலிவாங்கிக்கு முன்னால் அவள் தனியாக நின்றாள். அவருக்குத் தாங்கவில்லை. எழுந்துவிட்டார்.

"ஜெசிந்தா, தப்புப் பண்ணிட்டேன். என்னைய ஒரு வார்த்த ஏசிரு."

அவள் அவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. வெகுநேரம் அப்படியே நின்றாள்.

ஜப்பான்காரர்கள் எழுந்து குனிந்து வணங்கினார்கள். ஸ்வீடன்காரர்கள் இவ்வளவு சுத்தமாக யாரும் பாடியதில்லை என்றார்கள். தமிழ்நாட்டு நடுவர்கள் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார்கள். முதல் தடவையாக எல்லா நாடுகளும் ஒரே மதிப்பெண்ணைத் தூக்கிக் காட்டின. முழு மதிப்பெண்.

சூசைமணி தேம்பித் தேம்பி அழுதார்.

"சார், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி அழுங்க" என்றார் கேமராமேன்.

அவர் திரும்பினார்.