மச்சான் தலையில் வேறு கை

மச்சான் தொப்பி போட்டுக்கொண்டு கடைக்கு வந்த அன்றுதான் சலூன்காரருக்கு முதன்முதலில் மூக்கில் வியர்த்தது. வெளியே மழையும் இல்லை, சொல்லிக்கொள்கிற வெயிலும் இல்லை. பேப்பர் படிக்க வந்தவர் உள்ளே வந்த பிறகும் தொப்பியைக் கழற்றவில்லை. வழக்கமாக உட்காரும் கண்ணாடி ஓரத்து நாற்காலியை விட்டுவிட்டு, வாசல் பக்கத்து பெஞ்சில், பின்மண்டையைச் சுவரோடு ஒட்டவைத்து உட்கார்ந்தார்.

"என்ன மச்சான், தலைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. லேசா ஜலதோஷம்."

ஜலதோஷக்காரர் ஒரு தும்மல்கூடப் போடாமல் விளையாட்டுப் பக்கம் வரை படித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். சொல்லிக்கொடுக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கண்ணாடி பார்ப்பார். ஊரில் எந்த மோஸ்தர் வந்து இறங்கினாலும் முதலில் ஏறுவது அவர் தலையில்தான். காது மறைய ஸ்டெப் கட்டிங் வந்தபோது அவருக்குத்தான் முதல் ஸ்டெப். அதற்கு ஜோடியாக, ஒரு காலுக்குள் இரண்டு பேர் நுழையலாம் போல ஒரு பேகி பேண்ட். பிறகு காளான் வெட்டு, நடு வகிடு, பசை தடவி நட்டுவைத்த முள் முடி என்று எல்லாம் வந்தது, எல்லாம் போனது. ஒவ்வொன்றையும் சலூன்காரர் முதலில் பழகிப் பார்த்தது மச்சானின் தலையில்தான். சொல்லப்போனால் அந்தத் தலைதான் கடையின் போர்டு.

வருஷங்களை சலூன்காரர் காலண்டரை வைத்து நினைவு வைத்திருப்பவர் அல்ல. தனக்குக் கல்யாணம் ஆனது ஸ்டெப் கட்டிங்கில். மகன் பிறந்தது காளானில். அப்பா போனது முள் முடியில். துக்க வீட்டில் எல்லோரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, மச்சான் மட்டும் முள்ளம்பன்றி மாதிரி வந்து நின்றதைச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். மனிதன் மாறுவதில்லை, வெட்டுதான் மாறுகிறது என்பது இத்தனை வருஷத்தில் சலூன்காரர் கண்டறிந்த ஒன்று. முள் முடியோடு வந்து மேலதிகாரியைத் திட்டிய ஒரு வாடிக்கையாளர், அதை வழித்துவிட்டு வந்தும் அதே மேலதிகாரியைத்தான் திட்டினார். இப்போது பேகியே திரும்பி வந்துவிட்டது. மச்சானின் மகள் அப்பாவின் பழைய பேண்ட்டைப் பரணிலிருந்து இறக்கி, இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு காலேஜுக்குப் போகிறாள். அங்கே எல்லோரும் எங்கே வாங்கினாய் என்று கேட்கிறார்களாம்.

ஒரே ஒரு மோஸ்தரிடம்தான் சலூன்காரர் தோற்றிருந்தார். பக்கவாட்டில் தோலோடு வழித்து, மேலே போகப்போகப் புகை படிந்த மாதிரி கறுப்பு ஏறிக்கொண்டே போகும் வெட்டு. பையன்கள் அதை ஃபேடு என்றார்கள். காலேஜ் பையன் ஒருவனுக்கு முயன்று பார்த்ததில், அவன் தலையில் புகைக்குப் பதில் படிக்கட்டு விழுந்தது. அதற்குப் பிறகு கேட்டு வந்தவர்களிடம், "இது ரெண்டு மாசத்து ஆட்டம், அடங்கிடும்," என்று சொல்லி அனுப்பினார். அடங்கவில்லை. எதிர்ச்சாரியில் ஏசி போட்ட கண்ணாடிக் கடை ஒன்று அதை நம்பியே திறந்தது. அவர் கடையின் இரண்டாவது நாற்காலி காலியாகி, அதன் மேல் துவைத்த துண்டுகளை அடுக்கிவைக்க ஆரம்பித்தார்.

இந்த நிலையில்தான் மச்சான் மறுபடியும் தொப்பியோடு வந்தார். சலூன்காரர் பேச்சுக் கொடுத்தபடியே பின்னால் போனார்.

"ஜலதோஷத்துக்குக் காத்து படணும் மச்சான்," என்று சொல்லி, தொப்பியைத் தூக்கிவிட்டார்.

ஃபேடு. அதுவும் எப்பேர்ப்பட்ட ஃபேடு. காதுக்கு மேல் எங்கே தோல் முடிகிறது, எங்கே முடி தொடங்குகிறது என்று விரலை வைத்துக் காட்ட முடியாது. ஐம்பதைத் தாண்டிய முகத்துக்கு அது பொருந்தாது என்று சொல்லவும் வழியில்லை. மேலே முடியை விட்டிருந்த அளவு மச்சானின் சொட்டையைப் பதமாக மூடியிருந்தது.

"யாரு மச்சான்?"

"தெரிஞ்சவங்க."

"எந்தத் தெரிஞ்சவங்க?"

"தெரிஞ்சவங்கன்னா தெரிஞ்சவங்கதான் மாப்பிள்ளை. தொப்பியைக் குடுங்க."

சலூன்காரர் தொப்பியைக் கொடுத்தார். கொடுப்பதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார். இடது காதுப் பக்கம் மெஷின் சரளமாக ஏறியிருந்தது. வலது காதுப் பக்கம்தான் கொஞ்சம் யோசித்து யோசித்து ஏறியிருந்தது. வலது கைக்காரனுக்கு இது நேர்மாறாக வரும். வெட்டியவன் இடது கைக்காரன்.

அன்றிலிருந்து அவருக்கு ஊரில் முகங்கள் இல்லை, பிடரிகள்தான். பஸ்ஸில், பாங்க் வரிசையில், டீக்கடையில், யாருக்குப் பின்னால் நின்றாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். "என்ன சார், பல்லி கில்லி விழுந்திருக்கா?" என்று ஒருவர் பயந்துபோய்ச் சட்டையை உதறினார். மெடிக்கல் ஷாப்காரரின் மகன் பிடரியில் அதே கை தெரிந்தது. மச்சான் வீட்டு மாடியில் குடியிருப்பவர் பிடரியிலும் அதே கை. முன்பு தன்னிடம் வேலை பார்த்து, கோபித்துக்கொண்டு போன இடது கைக்காரன் ஒருவனைத் தேடிப் பிடித்து விசாரித்தார். அவன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கத்திரியைத் தொட்டே பல வருஷம் ஆயிற்று என்றான்.

மிச்சம் இருந்தது எதிர்க் கடை. திறந்த நாளிலிருந்து அந்தப் படியை அவர் மிதித்ததில்லை. ஒரு முற்பகல், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துத் தெருவைக் கடந்து கதவைத் தள்ளினார்.

"இங்க கரண்ட் இருக்கா?" என்று கேட்டார். ஏசியின் குளிர்காற்று முகத்தில் அறைந்தது.

கடைக்கார இளைஞன் எழுந்து நின்றான். "இருக்கு அண்ணே. உட்காருங்க. உங்க கடையில போயிடுச்சா?"

"வந்துடும்," என்றார். அதற்குள் அங்கே வேலை செய்த ஒவ்வொருவனின் கையையும் பார்த்தாகிவிட்டது. எல்லாம் வலது கை.

அந்த இளைஞனே பேச்சை எடுத்தான். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க மச்சானுக்கு வெட்டினது நீங்களா?"

"ஏன்?"

"இல்ல, அண்ணன் ஃபேடு செய்ய மாட்டார்னு சொல்லுவாங்க. அவர் தலையைப் பார்த்ததும் எங்களுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. எங்க ஆளு ஒருத்தனை விட்டுக்கூடக் கேட்டுப் பார்த்தோம். அவர் பிடி குடுக்கல. அந்தக் கை யாருதுன்னு தெரிஞ்சா எங்க கடைக்கே இழுத்துக்கலாம்னு."

சலூன்காரர் வெளியே வந்தார். எதிரி ஒருவன் என்றால் தாங்கிக்கொள்ளலாம். எதிரிக்கே தெரியாத எதிரி என்றால் என்ன செய்வது?

சாயங்காலம் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். அவள் முட்டைக்கோஸை நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் அண்ணன் என் காதுல பூ சுத்தறார். யாரோ ஒருத்தன் ஊருக்குள்ள புகுந்து, என் ஆளுங்க தலையில எல்லாம் கை வைக்கிறான்."

"ஏன், வெட்டு நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. அதான் பிரச்சனையே."

"எவ்வளவு நல்லா இருக்கு?"

"எவ்வளவுன்னா? என்னால முடியாத அளவு," என்றார் அவர். வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

அன்று சாப்பாட்டின்போது மனைவி, அவர் கேட்காமலே அப்பளம் பொரித்துப் போட்டாள். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி பாத்திரம் தேய்த்தாள். இதுவும் சலூன்காரர் கண்ணில் பட்டது. தான் புலம்பிய நாளில் இவளுக்கு என்ன இத்தனை சந்தோஷம்?

சந்தேகம் என்பது அப்படித்தான்; வாசலில் நிற்கும்வரை விருந்தாளி, உள்ளே வந்துவிட்டால் வீட்டுக்காரன். மனைவி கொஞ்ச காலமாக மத்தியானங்களில் அண்ணன் வீட்டுக்குப் போய்வருவது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அண்ணிக்கு முட்டி வலி, கூடமாட ஒத்தாசைக்குப் போகிறேன் என்றாள். ஆனால் போன வாரம் அந்த அண்ணி பஸ்ஸைப் பிடிக்க ஓடியதை அவரே பார்த்திருக்கிறார்.

மறுநாள் கொடியிலிருந்து மனைவியின் துப்பட்டாவை எடுத்து உதறினார். பொடி முடி உதிர்ந்தது. சலூன்காரர் வீட்டில் முடி கிடப்பது அதிசயமில்லை. அவர் சட்டையிலிருந்தே தினமும் உதிரும். இது அவர் சட்டை முடி இல்லை. மெஷினில் வழித்த துகள். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பழுப்பு. அந்தப் பழுப்பை ஊரில் மச்சான் ஒருவர்தான் தலைக்கு அடிக்கிறார். அந்த டை டப்பாவை வாங்கிக் கொடுத்ததே சலூன்காரர்தான்.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மச்சான் வீட்டுக்கு நடந்தார். என்ன நினைத்துக்கொண்டு போனார் என்று பிற்பாடு கேட்டபோது அவருக்கே சொல்லத் தெரியவில்லை. தன்னை ஒழிக்க ஒரு கூட்டுச்சதி நடக்கிறது, அதில் பெண்டாட்டியும் சேர்த்தி என்கிற அளவுக்குப் போயிருந்தார்.

பின்கட்டில் பேச்சுக்குரல் கேட்டது. மாடிப்படியில் மூன்று நான்கு பேர் பேப்பரும் போனுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சாப்பாட்டு மேஜை நாற்காலி. கழுத்தில் பழைய போர்வையைச் சுற்றி, துணி காயப்போடும் கிளிப் மாட்டி, மெடிக்கல் ஷாப்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் மனைவி நின்றாள். வலது கையில் சீப்பு. இடது கையில் மெஷின்.

முப்பது வருஷமாக இடது கையால் குழம்பு கலக்கி, இடது கையால் கோலமாவு டப்பாவைத் திறந்து, நேற்று சாயங்காலம் அவர் கண்ணெதிரிலேயே இடது கையால் முட்டைக்கோஸ் நறுக்கியவள். ஊர்ப் பிடரியெல்லாம் பார்த்தவர் அதைப் பார்க்கவில்லை.

படியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மச்சான் உள்ளே நழுவப் பார்த்து, வழியில்லாமல் நின்றார். மனைவி மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் பாதில நிக்குது. முடிச்சிட்டு வரேன்," என்றாள்.

பாதியில் விட்டு வா என்று எந்த சலூன்காரரும் சொல்ல மாட்டார். நின்றார். நின்றவர் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காதை அவள் ஒற்றை விரலால் மடக்கிப் பிடித்தது அவருடைய பிடி. கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்து காத்திருந்த நாட்களில் பார்த்திருப்பாள். மெஷினை நுனியில் சுண்டிச் சுண்டி எடுத்தது அவருடையது இல்லை. அது அவளே போனில் பார்த்துப் பழகியது.

போர்வையை உதறிவிட்டு வந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொன்னேன். அந்தக் காலேஜ் பையன் தலையில படிப்படியா விழுந்து, அவன் பிடரியைக் கையால மூடிக்கிட்டுப் போனான் பாருங்க, அன்னைக்கே சொன்னேன். புது மெஷின் வாங்குங்க, ரெண்டு பேருமா பழகலாம்னு. நானும் கடைக்கு வரேன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சீங்க."

சலூன்காரருக்குச் சிரித்தது ஞாபகமில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சிரித்தவருக்கு ஞாபகம் இல்லாத ஒரு சிரிப்பை அவள் இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறாள். கோபமாக ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தார், அது வராமல், "மெஷின் யாரு வாங்கினது?" என்று கேட்டார்.

"நான்தான் மாப்பிள்ளை," என்றார் மச்சான். "ரெண்டு பேர் பழகறதுக்கும் ஒரே தலை. இப்படி ஒரு தலை யாருக்குக் கிடைக்கும் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சலூன்காரர் கடைக்குத் திரும்பினார்.

சில நாட்கள் வீட்டில் டம்ளர் வைக்கிற சத்தம்தான் பேச்சு. பிறகு ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டார்.

"பின்னாடி அந்தக் கோடு தெரியாம எப்படி இறக்கற?"

"சொன்னா புரியாது. தலை வேணும்," என்றாள்.

"கடைக்கு வா. இருக்கு."

இரண்டாவது நாற்காலியிலிருந்து துண்டுகளை அவரே எடுத்து அலமாரியில் வைத்தார். முதல் வாரம் பையன்கள்தான் அவளிடம் வந்தார்கள். பெரியவர்கள் கழுத்தை விறைத்துக்கொண்டு அவர் நாற்காலிக்கே வந்தார்கள். ஒரு பொம்பளை கையிலா என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். "பயமா இருந்தா இங்க வாங்க," என்றார் சலூன்காரர். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

அந்தத் திருப்தி நிலைக்கவில்லை. கணக்கு வாத்தியார் ஒருவர், ரிட்டயர் ஆனவர். ஒரு நாள் வந்து பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். சலூன்காரரின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"வாங்க சார்."

"இந்தச் செய்தியைப் படிச்சு முடிச்சிட்டு வரேன்."

பின்னால் வந்தவரை, "நீங்க போங்க, எனக்கு அவசரமில்ல," என்று சலூன்காரரிடம் அனுப்பிவைத்தார். அடுத்து வந்தவரையும் அனுப்பினார். மனைவியின் நாற்காலி காலியானதும் பேப்பரை மடித்துவிட்டு விறுவிறுவென்று போய் அதில் ஏறி உட்கார்ந்தார். சலூன்காரர் அந்தப் பேப்பரை எடுத்துப் பார்த்தார். அது முந்தின நாள் பேப்பர்.

வாத்தியார் போன பிறகு கடையில் ஆள் இல்லை. மனைவி தரையைக் கூட்டினாள். சலூன்காரர் போய் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் விளக்குமாற்றை மூலையில் சாய்த்துவிட்டுத் துணியைப் போர்த்தினாள். "எப்படி வெட்ட?"

"உன் இஷ்டம்."

முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிவிடுவார்கள். வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்தவர் அவர். மெஷின் பிடரியில் பட்டது. அவர் கண்ணை மூடவில்லை. கண்ணாடியில், அவளுடைய இடது கையிலேயே பார்வையை வைத்துக்கொண்டிருந்தார்.