லிட்டருக்கு நாற்பத்திரண்டு

எடைமேடைக்காரரின் மோட்டார் சைக்கிள் பெட்ரோலைக் குடிக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? லாரிகளுக்கு எடை போட்டுப் போட்டு மனுஷருக்குக் காது மந்தம்; போனில் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவார். யாரும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியதில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும்.

"அம்பத்தஞ்சு குடுத்த வண்டி. இப்ப நாப்பத்திரெண்டு," என்பார்.

"காத்து அடிச்சீங்களா?" என்பார் மனைவி, அக்கா வீட்டிலிருந்து.

"அடிச்சேன்."

"செயினுக்கு எண்ணெய்?"

"போட்டேன்."

அந்தத் தம்பதியின் கொஞ்சல் அவ்வளவுதான்.

அக்காவுக்குக் கால் முறிந்ததென்று போனவர் மனைவி. கால் கூடி, அக்கா மாடிப்படி ஏறி இறங்கத் தொடங்கியும் திரும்பவில்லை. கிளம்பும்போது, "போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டாராம். இவர் பெட்ரோல் டேங்கைத் துடைத்துக்கொண்டே "உன் இஷ்டம்" என்றாராம். "வான்னு அவர் வாயால ஒரு வார்த்த வரட்டும், அடுத்த பஸ்ல வர்றேன்," என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டில் சொன்னால் தெரு முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரி. அவர் மந்தக் காதுக்கும் எட்டியது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வாயில் பூட்டு.

அதற்குப் பதிலாகத்தான் மைலேஜ். டேங்கை வழிய நிரப்புவார். மறுபடி நிரப்பும்போது ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பார். பிளக் மாற்றினார், ஏர் ஃபில்டர் மாற்றினார், பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சிக்னலில் என்ஜினை அணைத்துவிட்டு, பின்னால் நிற்பவர்களிடம் வசவும் வாங்கிக்கொண்டார். நாற்பத்திரண்டு அசையவில்லை.

ஒரு மதியம் மெக்கானிக் பொறுமை இழந்தான். "ஏறுங்கண்ணே. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்."

டேங்கின் குழாயைக் கழற்றி, நூறு மில்லி பெட்ரோல் ஊற்றிய பாட்டிலை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, அதிலிருந்து என்ஜினுக்குக் குழாய் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தான். பாட்டில் காலியாகி வண்டி இருமி நின்றபோது ஐந்தரைக் கிலோமீட்டர் ஓடியிருந்தது.

"அதே அம்பத்தஞ்சு! கல்லு மாதிரி இருக்கு வண்டி. சும்மா என் உயிர எடுக்கவா வர்றீங்க?"

"சாயங்காலம் மட்டும்தான்டா குடிக்குது."

"சாயங்காலம் நீங்க போறதத்தான் பாக்குறேனே! கடைய தாண்டும்போது மாட்டி வச்ச ஸ்பேனர் எல்லாம் ஆடுது. அப்படி என்னண்ணே தலை போற அவசரம்?"

சாயங்காலம்தான் மனைவியின் போன் வரும். எடைமேடையில் லாரி உறுமலில் ஒரு சொல்லும் கேட்காது. போன் அடிப்பதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். மைலேஜ் குறைந்ததைச் சொல்ல விழுந்தடித்து வந்து, வந்த வேகத்திலேயே அதைக் குறைத்துக்கொண்டிருந்தார் மனுஷர்.

அன்றும் போன் அடித்தது.

"மெக்கானிக் என்னவாம்?"

"வண்டில ஒண்ணுமில்லயாம். நான்தான் முறுக்கிட்டு வர்றேனாம்."

"வீட்ல என்ன கொட்டிக் கெடக்குன்னு முறுக்குறீங்க?"

எதிர்வீட்டு ஜன்னல் சத்தமில்லாமல் இன்னும் கொஞ்சம் திறந்தது.

"நீ போன் பண்ணுவியே," என்றார்.

மறுமுனையில் மூச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைத் தட்டினார். இரண்டாவது தட்டலில், யாருக்கோ சொல்வதுபோல், "வந்துடேன்," என்றார். லைன் போய்விட்டது என்ற தைரியத்தில்தான் சொன்னார் என்று தெருவில் ஒரு கட்சி இன்னும் சாதிக்கிறது.

லைன் போகவில்லை.

"இதச் சொல்ல எத்தன லிட்டர் செலவு உங்களுக்கு," என்றார் மனைவி. "ஞாயித்துக்கெழம வர்றேன். அதுவரைக்கும் போன் பண்ண மாட்டேன். நீங்க மெதுவா வீட்டுக்கு வாங்க."

மறுநாள் சாயங்காலம் வண்டி தெருவில் ஊர்ந்து வந்தது. பூனை குறுக்கே போனது, நின்று வழிவிட்டார். வீட்டு வாசல் வந்தது. நிற்காமல் இன்னொரு சுற்றுக்குப் போனார். உள்ளே போய் என்ன செய்வது, போன் அடிக்கப் போவதில்லையே.

பின் சீட்டு காலிதான். ஆனால் அதில் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பிகள் இரண்டையும் துடைத்து, இப்போதே விரித்து வைத்திருந்தார்.