மைக்காரத் தம்பி

நாடாளுமன்றத்தில் மைக்காரனுக்கு வேலை, ஆட்களைப் பேச வைப்பது என்று நினைத்தால் நீங்கள் பச்சைக்குழந்தை. அவன் வேலை நிறுத்துவது. மாடியறையில் அவன் முன்னால் உறுப்பினருக்கொரு பொத்தான். சபாநாயகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் பேசிக்கொண்டிருப்பவரின் பொத்தானை அமுக்க வேண்டும். இதற்கு எழுத்தில் உத்தரவு கிடையாது. எழுதினால் அதற்குச் சர்வாதிகாரம் என்று பெயர் வந்துவிடும். கண்ணாடியைக் கழற்றினால் யார் என்ன சொல்ல முடியும்?

பேச்சு அறுபடுவது எப்போதும் ஒரே ஆளுக்குத்தான். ஜனநாயகம் உயிரோடிருக்கிறது என்று வெளியாருக்குக் காட்ட எதிர்க்கட்சியில் ஒருத்தரை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்கள். அது மைக்காரனின் கூடப்பிறந்த அக்கா. இரண்டு பேரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவார்கள்.

அன்று காலை பஸ்ஸில் அக்கா ஆரம்பித்தாள். "தலைவர் சாகிற வரைக்கும் அவரே தலைவர்னு மசோதா கொண்டு வராங்க. நாளைக்கு ஓட்டெடுப்பு. இன்னைக்காவது என்னைப் பேச விடுடா."

"உன்னைப் பேச விட்டுட்டு நான் வீட்ல உக்காரவா?"

"அங்க உக்காந்து மட்டும் என்னத்தைக் கிழிச்ச?"

அன்று பார்த்து சபாநாயகருக்குக் கண்வலி. தலைவர் எழுந்து, "என் உடலில் உயிர் உள்ளவரை" என்று தொடங்கியதும் சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பழக்கதோஷம், மைக்காரனின் விரல் பொத்தானை அமுக்கிவிட்டது.

தலைவரின் வாய் அசைந்தது, குரல் இரண்டாவது வரிசையைத் தாண்டவில்லை. அவருக்கு அது தெரியவுமில்லை. கைதட்டல் வழக்கம்போலக் காதைப் பிளந்தது. ஒரு மந்திரி தேம்பித் தேம்பி அழுதார். காதில் விழவில்லை என்று சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை.

மேலதிகாரி தலைதெறிக்க ஓடிவந்தார். "பாவி! மைக்கைப் போடுய்யா!"

"இப்பப் போட்டா இவ்வளவு நேரம் போடலைன்னு தெரிஞ்சிடும் சார்."

அதிகாரிக்கும் பிள்ளைகுட்டி இருந்தது. "சரி, தொடாதே" என்றார். எழுச்சியுரை என்று தொலைக்காட்சிகள் புகழ்ந்து தள்ளின.

அடுத்து அக்கா எழுந்தாள். வாயைத் திறக்கும் முன்பே சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மைக்காரன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டான்.

"அமுக்குய்யா!"

"கண்வலியா உத்தரவான்னு எனக்கெப்படி சார் தெரியும்? ஒரு தடவை பட்டது போதாதா? எழுதிக் குடுங்க."

அதிகாரி பேனா இருந்த பக்கமே திரும்பவில்லை.

"இந்த நாடு யாரோட அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை!" அக்காவின் குரலில் சபை அதிர்ந்தது. எப்போதும் அந்த இடத்தில்தான் அறுபடும். அன்று அறுபடவில்லை. அவள் அண்ணாந்து மாடியறையைப் பார்த்தாள். பேசுக்கா, பேசு என்று அவன் கண்ணாலேயே கெஞ்சினான். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். அதே வாக்கியத்தை இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஆளுங்கட்சி வரிசை விழுந்து விழுந்து சிரித்தது.

திரும்பும் பஸ்ஸில் அவன் வெடித்தான். "என்னக்கா ஆச்சு உனக்கு? வேலையைப் பணயம் வச்சு உன்னைப் பேச விட்டேனே!"

"ஆறு வருஷமா முதல் வாக்கியத்திலேயே நிறுத்திடறியேடா. அதுக்கு மேல யோசிக்கிறதையே விட்டுட்டேன்."

மைக்கை மட்டும்தான் நிறுத்துகிறோம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தான். இப்போது அவளுடைய முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"உன்னை எப்பத் தூக்குவாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"நாளைக்குச் சாயங்காலம் விசாரணை."

"ஓட்டெடுப்பு காலையிலதானே?"

"ஆமா."

அக்கா ஜன்னலோரத்திலிருந்து நகர்ந்து அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அப்ப சொல்லு, ரெண்டாவதா என்ன சொல்லலாம்?"